இரு தரப்பும் நம்பும் ஒருவர்

விடியும் முன்பே சோற்று டப்பாவோடு கணியம்பாடி நிறுத்தத்தில் ஷூ கம்பெனி வண்டிக்கு நிற்கிறார்கள் பெண்கள். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று டார்கெட். எட்டவில்லை என்றால் ஏச்சு, சில நாள் வேலையே போகும். வரப்புச் சண்டைக்குப் பஞ்சாயத்து பேச ஊரில் ஒரு பொது மனுஷன் கிடைப்பார். கம்பெனிச் சண்டைக்கு அப்படி யாரும் இல்லை.

இருந்திருக்கலாம். 1918இல் அகமதாபாத் நெசவாலைத் தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள். முதலாளிகள் 20க்கு மேல் ஏறவில்லை. காந்தி உண்ணாவிரதம் இருந்த பிறகு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர் ஆனந்தசங்கர் துருவா. ஆலைக்காரரும் இல்லை, சங்கத்துக்காரரும் இல்லை. சமஸ்கிருதம் கற்ற பேராசிரியர். 35 என்றே தீர்த்தார். அந்தத் தேர்வை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

1947இல் பாதை பிரிந்தது. அமெரிக்காவில், போர்க்காலத் தொழிலாளர் வாரியத்தில் தகராறு தீர்த்துப் பழகியவர்கள் சேர்ந்து தேசிய நடுவர் கழகம் தொடங்கினார்கள். நடுவர் வேலை அங்கே ஒரு தொழிலாகவே வேரூன்றியது. ஆளை இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பக்கம் சாய்கிறவர் என்று பேர் விழுந்தால் அடுத்த தகராறுக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 1இல் இங்கே தொழில் தகராறுச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் அன்று வகுத்த வழி இது: சமரச அதிகாரி பேசுவார். பேச்சு முறிந்தால் அரசுக்கு அறிக்கை போகும். அரசு அனுப்பினால் தீர்ப்பாயம். பேசித் தீர்க்கும் வழக்கம் இதனால் செத்துவிடும் என்றார் வி.வி. கிரி. தொழிலாளர் அமைச்சராக இருந்தவர், வங்கி ஊழியர் தீர்ப்பை அரசு திருத்தியதும் 1954இல் பதவியையே விட்டார். 1956இல் அந்தச் சட்டத்தில் 10ஏ பிரிவு சேர்ந்தது: விரும்பினால் நீங்களே நடுவரை வைத்துக்கொள்ளலாம். 1969இல் கஜேந்திரகட்கர் தலைமையிலான தேசியத் தொழிலாளர் ஆணையம் பார்த்தபோது அந்த வழியில் ஆள் நடமாட்டமே இல்லை. இரு தரப்பும் நம்பும் நடுவர்கள் போதவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று.

அப்படி ஒரு நடுவர் இல்லாததன் விலையைக் கணியம்பாடிக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை நீக்கப்பட்ட ஊழியர்களின் வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. சிறுபான்மை நிறுவனத்துக்குத் தொழில் தகராறுச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. செல்லும் என்று 1987இல் தீர்ப்பு வந்தது. வேலையை விட்டு நீக்கியது நியாயமா என்ற முதல் கேள்வி அதுவரை கீழேயே காத்துக் கிடந்தது.