கூண்டில் நிற்பவரா கோமாளி?

வந்தவாசியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பேருந்தில் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் ஒரே கைப்பேசியில் தலையை விட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எட்டிப் பார்த்தேன். ‘எல்லாம் அவன் செயல்’ (2008) படத்தில் வடிவேலு நடித்த வக்கீல் வண்டு முருகன். நானும் சேர்ந்து சிரித்தேன். எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது.

அந்தக் காட்சியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதில் கேலிக்கு ஆளாகிறவர் கறுப்புக் கோட்டு போட்டவர். அடுத்து அவர்கள் பார்த்ததுதான் உறுத்தியது. ஒரு கிராமத்துச் சாட்சி கூண்டில் ஏறுகிறார். தோளில் கிடக்கும் துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் தடுமாறுகிறார். நீதிபதியை ‘சாமி’ என்கிறார். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று. நீதிமன்றமே சிரிக்கிறது. இப்படி எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டோம். அந்தச் சாட்சி பெரும்பாலும் கறுத்தவர், கூலிக்காரர். எந்தத் தெருக்காரர் என்று படம் சொல்வதில்லை. பார்க்கிற நமக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் கோரைப்பாய் நெய்யும் ஓர் அம்மாவுக்குத் துணையாக நீதிமன்றம் போயிருந்தேன். எந்த ஊர் நீதிமன்றம் என்பது இங்கே வேண்டாம். பி.சி.ஆர். கேஸ். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்தபோது திட்டி, குடத்தைத் தட்டிவிட்ட சம்பவம். எதிர்த்தரப்பு வக்கீல், “குழாய் கிழக்கே இருக்குதா, மேற்கே இருக்குதா?” என்று கேட்டார். அந்த அம்மா, “எங்க தெருவுல இருந்து பாத்தாவா, ஊர்த்தெருவுல இருந்து பாத்தாவாங்க?” என்று திருப்பிக் கேட்டார். கொல்லென்று சிரிப்பு.

யோசித்துப் பாருங்கள். குழாய் இரண்டு தெருவுக்கும் நடுவில் இருக்கிறது. காலனியிலிருந்து பார்த்தால் கிழக்கு, ஊரிலிருந்து பார்த்தால் மேற்கு. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் சரியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. எதைக் கேட்டாலும் “ஆமாங்க” என்று தலையாட்டினார். திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டார்: “ஏண்ணா, நான் இன்னா தப்பா சொல்லிட்டேன்?”

எனக்கு அன்று பதில் வரவில்லை. பிறகு சட்டத்தைப் படித்தேன். சாட்சியை அவமானப்படுத்தும் நோக்கத்தோடு கேட்கப்படும் கேள்வியை நீதிமன்றம் தடுத்தாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 152-வது பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டத்தில் 155. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் 15ஏ பிரிவும் இருக்கிறது. ஜாமீன் மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும், அவர் பேச்சையும் கேட்க வேண்டும். வந்துபோகும் செலவு தர வேண்டும். உதவிக்கு வக்கீலையோ சமூக ஊழியரையோ வைத்துக்கொள்ளலாம். வழக்கு நடவடிக்கை முழுவதையும் வீடியோவில் பதிய வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கேமரா ஓடிக்கொண்டிருந்தால் அன்று அத்தனை பேர் சிரித்திருப்பார்களா? எத்தனை பேருக்கு இது தெரியும்? வண்டு முருகனைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்காவது தெரிந்தால் போதும்.

நீதிமன்றத்தில் சிரிப்பதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. அது கூண்டுப் பக்கம் இல்லை, அவ்வளவுதான். கீழ்வெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் குடிசைக்குள் வெந்து செத்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: இவர்கள் நிலபுலன் உள்ள பணக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. எந்தக் காமெடி எழுத்தாளராவது இப்படி ஒரு வசனம் எழுதினால், நம்பும்படி இல்லை என்று இயக்குநர் அடித்துவிடுவார்.

நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே வம்புக்கு இழுப்பான். புரிசைக் கூத்துக் கலைஞர்கள் ஜெர்மன் நாடகக்காரர் பிரெக்டின் நாடகத்தை ‘வெள்ளை வட்டம்’ என்று கூத்தாக ஆடினார்கள். மூல நாடகத்தில் அஸ்தாக் என்றொரு கிராம எழுத்தர் நாட்டுக் குழப்பத்தில் நீதிபதி ஆகிவிடுகிறான். சட்டப் புத்தகத்தை உட்கார மெத்தையாக வைத்துக்கொள்கிறான். பணக்காரனிடம் கை நீட்டி வாங்கிக்கொண்டு ஏழை பக்கம் தீர்ப்புச் சொல்கிறான். கடைசியில், பிள்ளையை இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கச் சொல்லி, வலிக்குமே என்று கையை விட்ட வேலைக்காரிக்கே பிள்ளையைக் கொடுக்கிறான். வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனால் அந்த வேலைக்காரியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

மராத்தியில் ‘கோர்ட்’ (2014) என்ற படமும் அப்படித்தான். சாக்கடைத் தொழிலாளி ஒருவர் இறந்துபோக, நீ பாடிய பாட்டுதான் அவரைத் தற்கொலைக்குத் தூண்டியது என்று தலித் பாடகர் ஒருவர் மீது வழக்கு. யாரும் தடுக்கி விழுவதில்லை. கையில்லாத சட்டை போட்டு வந்ததற்காக ஒரு பெண்ணின் வழக்கையே நீதிபதி தள்ளிவைக்கிறார். சிரிப்பு வருகிறது, கூடவே பயமும் வருகிறது.

கல்லூரி ஆண்டு விழாவில் நீதிமன்ற நாடகம் போடும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சுத்தியலைத் தூக்கிப் போடுங்கள், நம் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. கீதை மேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவதும் சினிமாவில்தான். சாட்சிக் கூண்டில் அந்தப் பாய்க்கார அம்மாவை நிறுத்துங்கள். எந்தத் தெருவிலிருந்து பார்த்தால் என்று அவர் கேட்கட்டும். வக்கீல் திருதிருவென்று விழித்து, ஜன்னலுக்கு ஓடிச் சூரியனைத் தேடி, கோட்டு தடுக்கி விழட்டும். நீதிபதி எழுந்து வந்து, “அம்மா, நீங்களே சொல்லுங்க” என்று நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தட்டும்.