அன்பளிப்பா, அவமதிப்பா?

கலைஞனுக்குப் பணம் கொடுப்பது வேறு. பணம் கொடுக்கிறோம் என்பதைக் கலைஞனை வைத்து ஊருக்குக் காட்டிக்கொள்வது வேறு. முதலாவது ரசனை, இரண்டாவது விளம்பரம். நம் திருவிழாக்களில் இன்று விளம்பரம்தான் ரசனையின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறது.

வத்தலக்குண்டுப் பக்கம் கரகாட்டம் நடக்கும் திருவிழா ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். நையாண்டி மேளம் முழங்குகிறது. தலையில் கரகத்தோடு ஒரு பெண் ஆடுகிறாள். உடம்பெல்லாம் தாளமாக இருக்கிறது. தலைமேல் குடம் மட்டும் அசையவில்லை. எத்தனை வருஷத்துப் பயிற்சி அது! அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் எழுந்து வருகிறார். கையில் நோட்டு, நோட்டில் ஊக்கு. அதை அவள் ரவிக்கையில் குத்துகிறார். ஆட்டம் நிற்கிறது. ஒலிபெருக்கியில் அவர் பெயரும், தகப்பனார் பெயரும், கடையின் பெயரும் முழங்குகின்றன. ஆடியவள் பெயரை மட்டும் யாரும் சொல்லவில்லை. இதை நான் ஒரு முறையல்ல, பல முறை பார்த்திருக்கிறேன்.

நோட்டுக் கட்டுகளில் கம்பி குத்தக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2001-ல் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. காகிதத்துக்குக் கிடைத்த மரியாதை ஒரு பெண்ணுக்குக் கிடைக்கக் கூடாதா?

"அவர்களே விரும்பித்தானே வாங்குகிறார்கள்?" என்பீர்கள். ஏன் விரும்பமாட்டார்கள்? சம்பளம் பேசும்போதே, "மேற்கொண்டு அன்பளிப்பு விழுமே!" என்று சொல்லித்தானே குறைக்கிறோம்? உழைப்புக்குரிய கூலியில் பிடித்துக்கொண்டதையே பிறகு தருமம்போல் நீட்டுகிறோம். அதற்கு அவள் சிரிக்கவும் வேண்டும்! அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று நினைப்பவர்களுக்குப் பசியைப் பற்றி ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் கேட்கிறேன்: ரவிக்கையைத் தேடிப் போகும் அந்தக் கை, விடிய விடியத் தவில் வாசித்து விரல் வீங்கியவரை என்றைக்காவது தேடிப் போயிருக்கிறதா? கலையைத்தான் மெச்சினோம் என்று இனியும் சொல்வானேன்?

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒருவர் நிமிர்ந்து நின்றதால் நாகஸ்வரக்காரர்களுக்கு எத்தனையோ சபைகளில் மரியாதை பிறந்தது. பெயர் பெற்ற கலைஞன் கேட்டு வாங்கிக்கொள்வான். பெயரே சொல்லப்படாதவர்களுக்கு நாமாக அல்லவா கொடுக்கவேண்டும்?

பெரிய காரியம் ஒன்றுமில்லை. சம்பளத்தை முழுதாகப் பேசுங்கள்; அச்சாரத்தை வெற்றிலையில் வைத்துக் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் பாக்கிக்காக அவர்களைக் காக்கவைக்காதீர்கள். பந்தியில் கடைசி இலையில் உட்காரவைக்காதீர்கள். அதற்கு மேலும் மனம் நெகிழ்ந்து கொடுக்கத் தோன்றினால், ஆட்டம் முடிந்தபின், தாம்பூலத் தட்டில் வைத்து, குழு முழுமைக்கும் சேர்த்து, குழுத் தலைவரின் கையில் கொடுங்கள். ஒலிபெருக்கியில் பெயர் சொல்ல ஆசையா? ஆடியவர் பெயரையும் வாசித்தவர் பெயரையும் சொல்லுங்கள்.

வெற்றிலைக்குண்டு என்பதே வத்தலக்குண்டு ஆயிற்று என்று சொல்லிப் பெருமைப்படும் ஊர் இது. ராஜமையரும், சுப்பிரமணிய சிவாவும், பி. எஸ். ராமையாவும் பிறந்த ஊர். இங்கே ஊக்குக்குப் பதிலாக இரண்டு வெற்றிலை கிடைக்காதா, ஐயா?