கண் போடும் மதிப்பெண்

சமையல் போட்டிக்கும் விஞ்ஞானப் பத்திரிகைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். அளவிடுதல் எங்கே நடந்தாலும் அங்கே விஞ்ஞானத்திற்கு வேலை உண்டு. கம்பியின் நீளத்தை அளக்க அளவுகோல் இருக்கிறது. கரைசல் அமிலமா, காரமா என்று அறிய லிட்மஸ் தாள் இருக்கிறது. ஒரு பண்டத்தின் ருசி எப்படி என்று தீர்ப்புச் சொல்ல மனிதனின் நாக்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கருவியோ தனியாக வேலை செய்வதில்லை. கண் சொல்வதையும் கேட்டுக்கொண்டுதான் முடிவு கூறுகிறது.

அமெரிக்காவில் நடைபெறும் 'பார்பெக்யூ' போட்டிகள் இதற்கு நல்ல உதாரணம். பெரிய இறைச்சித் துண்டுகளை விறகுப் புகையில், சுமார் 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பல மணி நேரம் மெதுவாக வேகவைக்கும் முறைக்கு அங்கே பார்பெக்யூ என்று பெயர். இறைச்சியிலுள்ள கொலாஜன் என்ற கடினமான நார்ப்புரதம் சிறிது சிறிதாக ஜெலட்டினாக மாறுவதால் துண்டு மிருதுவாகிறது. அவசரப்பட்டால் காரியம் கெட்டது!

1980-களில் தோன்றிய கான்சாஸ் நகர பார்பெக்யூ சங்கத்தின் விதிகளைப் பாருங்கள். கோழி, பன்றி விலா, பன்றித் தோள், மாட்டு நெஞ்சுக்கறி என நான்கு வகைகள். ஒவ்வொரு குழுவும் தன் படைப்பை ஒரே மாதிரியான மூடிப் பெட்டியில் வைத்துத் தருகிறது. பெட்டியின் மேல் எண் மட்டுமே இருக்கும். அந்த எண்ணும் நடுவரிடம் போவதற்குமுன் மாற்றப்படும். ஒரு மேசைக்கு ஆறு நடுவர்கள். தோற்றம், சுவை, மிருதுத்தன்மை ஆகிய மூன்றுக்கும் 2 முதல் 9 வரை மதிப்பெண். ஆறு பேரில் மிகக் குறைவாகப் போட்டவரின் கணக்கு நீக்கப்படுகிறது. மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சியாளர்கள்கூட மெச்சக்கூடிய ஏற்பாடு.

மூன்றுக்கும் சம மதிப்பு இல்லை. மொத்தத்தில் சுவைக்கு நூற்றுக்கு 57 பங்கு, மிருதுத்தன்மைக்கு 29, தோற்றத்துக்கு வெறும் 14. தோற்றத்தில் நான்கு புள்ளி இழப்பது சுவையில் ஒரு புள்ளி இழப்பதற்குச் சமம். அப்படியானால் தோற்றத்தைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

நடுவர்கள் முதலில் பார்க்கிறார்கள், பிறகுதான் தின்கிறார்கள். மேசைத் தலைவர் பெட்டியைத் திறந்து ஒவ்வொருவரிடமும் காட்டுவார். தோற்றத்துக்கான மதிப்பெண்ணை எழுதிய பின்னரே துண்டு கைக்கு வரும். "இது பிரமாதம்" என்று 9 எழுதிய கை, அதே மனநிலையோடுதான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது.

பிரான்சில் போர்தோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு 2001-ல் வெளியாயிற்று. திராட்சை மது தயாரிப்பு பற்றிப் படிக்கும் 54 மாணவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். மாணவர்களோ சிவப்பு மதுவுக்கே உரிய சொற்களால் அதன் மணத்தை வருணித்தார்கள்! இத்துறையில் பயிற்சி பெறுபவர்களுக்கே இந்த நிலை. ஆகவே, கண்ணுக்கு 14 பங்குதான் என்பது காகிதக் கணக்கு. மீதி 86 பங்கிலும் கண் கொஞ்சம் கைவைக்கிறது.

கண்ணுக்கு வேலையே தரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. வெந்த இறைச்சியின் மேற்பரப்பு பல உண்மைகளைச் சொல்லும். கரும்பழுப்பான மேலோடு, சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெப்பத்தில் வினைபுரிந்ததற்கு அடையாளம். ஓரம் சுருங்கி உலர்ந்திருந்தால் வேகவைத்தவர் கவனமாக இல்லை என்று பொருள். கண் இவற்றைப் படித்து மதிப்பெண் இடுவது நியாயமே.

ஆனால் பெட்டிக்குள் இறைச்சியின் அடியில் பச்சை இலைகளைப் பரப்புகிறார்களே, அது எதற்கு? லெட்டூஸ் இலை, பார்ஸ்லி, நம் கொத்தமல்லித் தழை முதலியவற்றுக்கு அனுமதி உண்டு. வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருந்தாலும் வைக்காமல் விடத் துணிகிறவர்கள் சிலரே. முந்தின இரவு உட்கார்ந்து பார்ஸ்லிக் கொத்துகளைப் புல்வெளிபோல அடுக்குகிற குழுக்கள் உண்டு. சிவப்பு ஓரமுள்ள லெட்டூஸ் போன்ற தடைசெய்யப்பட்ட இலை உள்ளே இருந்துவிட்டால் தோற்றத்துக்கு 1 தான் கிடைக்கும். இறைச்சியோடு ஒட்டாத ஓர் இலைக்கு இத்தனை அதிகாரமா?

இதே சங்கம் வேறோர் இடத்தில் மிகச் சரியாகச் சிந்தித்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை. புகையில் வெந்த இறைச்சியை அறுத்தால் விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்பு வளையம் தெரியும். விறகு எரியும்போது வரும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரமான மேற்பரப்பில் கரைந்து, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற நிறப்புரதத்துடன் சேர்வதால் அது உண்டாகிறது. பார்க்க அழகு, ஆனால் அதற்கென்று சுவை கிடையாது. அதோடு, நைட்ரைட் கலந்த உப்பைத் தடவினால் புகையே இல்லாத மின் அடுப்பிலும் அந்த வளையத்தை வரவழைக்கலாம். எனவே வளையத்தைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள் என்று நடுவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வளையமாவது சமையலின் விளைவு. இலையோ கடையில் வாங்கியது. வளையத்தைத் தள்ளியவர்கள் இலையை ஏன் வைத்துக்கொண்டார்கள்?

"விருந்து என்றால் கண்ணுக்கும் நிறைவு வேண்டாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. விருந்துக்கு வேண்டும்தான். 1978-ல் தொடங்கிய மெம்பிஸ் நகரப் போட்டி இதை ஒளிவு மறைவின்றிச் செய்தது. நடுவர் குழுவின் கூடாரத்துக்கே போவார்; மேசை விரிப்பு, உபசாரம், அடுப்பைப் பற்றிய விளக்கம் எல்லாம் கணக்கில் சேரும். அங்கே பெயரை மறைப்பதில்லை, அதனால் யாரும் ஏமாறுவதுமில்லை. பெயரை மறைத்து, எண்ணை மாற்றி இத்தனை பாடுபட்ட பிறகு இலைக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பதுதான் எனக்குப் பொருந்தாததாகத் தோன்றுகிறது.

உணவு ஆராய்ச்சிக் கூடங்களில் நிற வேறுபாடு தெரியாமலிருக்கச் சிவப்பு விளக்கின் கீழ் சுவைக்கச் சொல்வதுண்டு. திருவிழாக் கூட்டத்தில் அது முடியாது என்பார்கள், இருக்கட்டும். ஒரு மேசையின் நடுவர்கள் தோற்றத்தை மட்டும் பார்க்கட்டும். வேறு மேசைக்காரர்களுக்கு வெறும் தட்டில் துண்டுகள் போகட்டும். இதற்குப் புதுக் கருவி எதுவும் தேவையில்லை. மேசைகளும் நடுவர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள்; பார்ஸ்லி வாங்கும் செலவும் மிச்சம்.