சைக்கிளில் ஏறிய அம்மாள்

“குளிக்கிறப்போ மார்பிலே ஏதோ கட்டி தட்டுப்படுது மாமி, அவர்கிட்டே எப்படிச் சொல்றது?” என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

அவளுக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் பக்கத்து ஜேன் டாம்லின்ஸனைப் பற்றிச் சொன்னேன். 26 வயதில் மார்பகப் புற்றுநோய். 2000-ல் அது பரவி, குணமாகாது என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகுதான் அந்த அம்மாள் சைக்கிளில் ஏறினார்! 2004-ல் சகோதரரோடு இருவர் ஓட்டும் சைக்கிளில் ரோமிலிருந்து வீடு வரை. 2006-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து நியூயார்க், சுமார் 4,200 மைல், வலியோடேயே. (எனக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது!) தர்ம காரியங்களுக்குச் சேர்ந்தது 17 லட்சம் பவுண்டுக்கு மேல். 2007-ல் காலமானார், மூன்று குழந்தைகளில் கடைசிப் பையனுக்கு அப்போது 10 வயது.

“பயமுறுத்தறீங்களே மாமி!”

“கட்டியெல்லாம் புற்று இல்லேடி. காட்டினால்தானே தெரியும்?”

நாளைக் காலை ஒன்பது மணிக்கு இரண்டு பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.