தாலி கேட்கும் சட்டம்

2005-இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி வார இதழ் ஒன்றுக்கு நடிகை குஷ்பு அளித்த பேட்டிக்காக இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் அவர்மீது பாய்ந்தன. 2010 ஏப்ரலில் அவற்றை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வயது வந்த இருவர் மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்றது. பரபரப்பெல்லாம் அந்தத் தீர்ப்புக்குத்தான். பெண்களின் வயிற்றுப்பாட்டைத் தொட்டதோ அதே ஆண்டு அக்டோபரில், கோவையிலிருந்து போன ஜீவனாம்ச வழக்கில் வந்த தீர்ப்பு.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவியோடு நிறுத்தாமல், 'திருமணம் போன்ற உறவில்' வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. அது எத்தகைய உறவு? ஊரறியக் கணவன் மனைவிபோல் வாழ்ந்திருக்க வேண்டும். திருமண வயதும் தகுதியும் வேண்டும். இருவருமே மணமாகாதவர்களாக இருக்க வேண்டும். கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கோவை வழக்கில் நீதிமன்றம் வரையறுத்தது. போகிற போக்கில் 'கீப்' என்ற சொல்லையும் எழுதிக் கண்டனம் வாங்கிக்கொண்டது.

சிக்கல் இங்கேதான். நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களை மணமானவர்கள் என்றே ஊகித்துக்கொள்வது நம் நீதிமன்றங்களின் பழைய வழக்கம். ஆக, தம்பதிபோல் காட்டிக்கொண்டவருக்குக் கதவு திறக்கும். 'எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை, சேர்ந்து வாழ்கிறோம்' என்று ஒளிவுமறைவின்றிச் சொல்பவருக்குத் திறக்குமா என்பது சந்தேகம்.

'மணமாகாதவர்' என்ற நிபந்தனை என்ன செய்யும் என்பதற்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பெங்களூரு வழக்கைப் பாருங்கள். மணமான ஒருவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்து கைவிடப்பட்ட பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய் தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டிருந்தார். அந்த ஆணுக்கு மணமானது தெரிந்தே அந்தப் பெண் வாழ்ந்தார் என்பதால் உச்ச நீதிமன்றத்தில் நிவாரணம் கிடைக்கவில்லை. மனைவி இருப்பது அந்த ஆணுக்கும் தெரியும்தானே! அவர் பைசா கொடுக்காமல் வெளியே வந்தார். இத்தகைய பெண்களுக்காகச் சட்டம் இயற்றலாமே என்று நாடாளுமன்றத்துக்கு யோசனை சொன்னதோடு நீதிமன்றத்தின் பரிவு முடிந்தது.

உத்தராகண்ட் 2024-இல் மணமாகாமல் சேர்ந்து வாழ்வோரையும் உள்ளடக்கிய சட்டம் இயற்றியது. கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம், பிறக்கும் குழந்தை சட்டப்படியான வாரிசு என்றது வரை பாராட்டலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள் உறவைப் பதிவு செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, 21 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோருக்குத் தகவல் என்றும் அது எழுதிவைத்தது. சாதி மாறிக் காதலித்தவர்களை வெட்டிப்போடும் நாட்டில் பெற்றோருக்குத் தகவல் போனால் என்ன ஆகும்?

வேவு பார்க்காமலே செய்யக்கூடிய வழி ஒன்று உண்டு. மனைவியைப்போல் நெடுநாள் சேர்ந்து வாழ்ந்த பெண்ணையும் ஜீவனாம்சப் பிரிவில் 'மனைவி' என்பதற்குள் சேர்க்கும்படி 2003-இலேயே குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மாலிமத் குழு பரிந்துரைத்தது. இருபது ஆண்டு கழித்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைப் புதிதாக எழுதினார்கள். 125-ஆவது பிரிவு 144 ஆனது. அந்தப் பெண்ணுக்கு அதிலும் இடமில்லை.