அடைப்புக்குறி போட்டால் குறைந்தா போய்விடும்?



8÷2(2+2). இதற்கு விடை என்ன? 16 என்று ஒரு கட்சி. 1 என்று எதிர்க்கட்சி. 2019-ல் இந்தக் கணக்கு உலகம் பூராவும் சண்டை மூட்டிவிட்டது. கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் நியூயார்க் டைம்ஸில் இதற்காகக் கட்டுரையே எழுதினார். நம் பக்கத்தில் கேட்டாலோ, "போட்மாஸ் தெரியாதவனெல்லாம் டிப்ளமோ படிக்க வந்துட்டாம்ப்பா" என்று கேலிதான் மிச்சம்.

முதலில் இரண்டு பேர் வாதத்தையும் கேட்போம். அடைப்புக்குறிக்குள் 4 என்பதில் தகராறு இல்லை. அதன்பின் இடமிருந்து வலம் போனால் 8÷2=4, 4×4=16. "2(2+2) ஒட்டிப் பிறந்தது, அதைப் பிரிக்கக் கூடாது" என்றால் 8÷8=1.

16 கட்சிக்காரர்களே, உங்களுக்கு ஒரு கேள்வி. கெப்பாசிட்டர் ரியாக்டன்ஸுக்கு "ஒன் பை டூ பை எஃப் சி" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறோம். (இதில் எந்தப் பை வகுத்தல், எந்தப் பை 3.14 என்பது தனிக் குழப்பம்!) இடமிருந்து வலம்தான் சட்டம் என்றால் 1-ஐ 2-ஆல் மட்டும் வகுத்துவிட்டு, மீதியையெல்லாம் பெருக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ், 10 மைக்ரோ ஃபாரட் போட்டுப் பாருங்கள். 318 ஓம் வரவேண்டிய இடத்தில் 0.000785 வரும்! ஆகவே அங்கே நீங்களும் 'ஒட்டிப் பிறந்தது' கட்சிதான்.

1 கட்சிக்காரர்கள் காலரைத் தூக்கிவிட வேண்டாம். சி மொழியில் 2(2+2) என்று எழுதினால் கம்ப்யூட்டர் ஏற்காது. பெருக்கல் குறி போட்டே ஆகவேண்டும். போட்டு 8/2*(2+2) என்றால் 16 என்றுதான் சொல்லும்.

"கால்குலேட்டரைக் கேட்போம்" என்பீர்கள். அதிலும் ஒற்றுமை இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் டிஐ-82 மாடல் இந்தக் கணக்குக்கு 1 காட்டும். அதே கம்பெனியின் டிஐ-83 காட்டுவது 16! கணிப்பொறியிலும் அதே கதைதான். -2^2 என்று எக்செல் கட்டத்தில் கொடுத்தால் 4. இதையே ஃபோர்ட்ரானில் அதன் குறிகளில் எழுதினால் -4.

இது இன்று நேற்று வந்த தகராறும் அல்ல. 1917-லேயே லென்ஸ் என்பவர், பாடப்புத்தகங்கள் ஒரு விதியைச் சொல்லிவிட்டு வேறு விதமாகக் கணக்குப் போடுகின்றன என்று எழுதினார். போட்மாஸில் வகுத்தல் முன்னால் நிற்கிறது. அமெரிக்கப் பிள்ளைகள் படிக்கும் பெம்டாஸில் பெருக்கல் முன்னால் நிற்கிறது. உண்மையில் இரண்டுக்கும் சம அந்தஸ்துதான்.

என் கருத்து இதுதான். இந்த வரிசை விதிகள் நியூட்டன் விதி மாதிரி இயற்கை கொடுத்தவை அல்ல. சாலையில் நாம் இடப்பக்கம் போவது போல, மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஏற்பாடு தெளிவில்லாத இடத்தில் படிப்பவனை முட்டாள் என்பது நியாயமில்லை. இரண்டு அர்த்தம் வரும்படி எழுதியவன்தான் குற்றவாளி. சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவும் ÷ குறியே வேண்டாம் என்கிறது. சாய்கோட்டுக்குப் பின் அதே வரியில் பெருக்கல் வந்தால் அடைப்புக்குறி போடச் சொல்கிறது.

"எக்ஸாமினர் புரிஞ்சுக்குவாரு" என்று சிலர் சொல்வார்கள். இன்று புரிந்துகொள்வார், சரி. நாளை நாம் எழுதும் ஃபார்முலா முகம் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். அவர் அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டுவார், புரோகிராமில் ஏற்றுவார். இயந்திரம் "என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்காது. ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்த விடையை நம்பித்தான் கேபிளும் ஃப்யூஸும் வாங்குவார்கள்.

ஆகவே நண்பர்களே, லேப் ரெக்கார்டிலிருந்தே தொடங்குவோம். 1/(2...) என்று அடைப்புக்குறி போட்டு எழுதுவோம், இடமிருந்தால் மேலே கீழே கோடு போட்டு எழுதுவோம். ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். வினாத்தாளிலும் நோட்ஸிலும் இதையே கடைப்பிடியுங்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்துத்தானே நாங்கள் எழுதுகிறோம்?

16-ஆ 1-ஆ என்று யாராவது இனி கேட்டால், பேனாவை அவர் கையில் கொடுங்கள். "முதல்ல கேள்வியை ஒழுங்கா எழுதுப்பா" என்று சொல்லுங்கள்!