யார் தலையில கட்டறது?

"வித்துடு. யார் தலையிலயாவது கட்டிடு."

இந்த வார்த்தையை 15 மாசத்துல எத்தனை பேர் வாயால கேட்டிருப்பேன்னு கணக்கு இல்ல. மெக்கானிக் சொன்னாரு. அம்பத்தூர்ல ஃபேக்டரி வேலைக்குப் போற என் மச்சான் சொன்னாரு. வருஷா வருஷம் என்கிட்ட அரிசி வாங்க அண்ணா நகர்லருந்து வர்ற நண்பர் ஒருத்தர், நியாயம் தர்மம்னு மணிக்கணக்கா பேசறவரு, அவரும் அதையேதான் சொன்னாரு. 'மழை வருது, காயப்போட்ட துணிய எடு'ன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொல்றாங்க. எனக்குக் கோவம் காரு மேல இல்ல. இந்த வார்த்தை மேலதான்.

காரு என்ன கம்பெனின்னு எழுதப் போறதில்ல. செஞ்சவன் மேல தப்பு கிடையாது. டீசல் வண்டி, 2016 மாடல். 2024 ஆகஸ்டுல சென்னையில ஒரு பழைய கார் யார்டுல 2,35,000 ரூபாய்க்கு வாங்கினேன்.

விவசாயிக்குக் காரு எதுக்குன்னு கேக்கறவங்க இருக்காங்க. எங்க வீடு திருநின்றவூர் ஸ்டேஷன்லருந்து பெரியபாளையம் ரோட்டுல போயி, உள்ள தள்ளி. ரயில் ஏறிட்டா ஆவடி, அம்பத்தூர், சென்ட்ரல் எல்லாம் பக்கம். ஸ்டேஷன் வரைக்கும் வந்து சேரணுமே. அம்மாவுக்கு 80 வயசு. ராத்திரியில மூச்சு முட்டும். ரெண்டு தரம் டூவீலர்ல நடுவுல உக்கார வெச்சு, பின்னாடி என் சம்சாரம் புடிச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூணாவது தரம் அப்படிப் போகக் கூடாதுன்னுதான் நெல்லு வித்த காசும் கொஞ்சம் நகைக் கடனும் சேத்து இத வாங்கினது.

வாங்கி ரெண்டாவது மாசம் செல்ஃப் மோட்டார் போச்சு, 4,500. பேட்டரி 5,800. அப்புறம் டைனமோ 8,200. ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் 3,600. முன் சக்கரம் ரெண்டுக்கும் பேரிங் 5,200. ஒயரிங் பிரிச்சு மாட்டினதுக்கு 9,000. எஞ்சினக் கட்டுப்படுத்தற ஈசிஎம்னு ஒரு பொட்டி, புதுசு வாங்க வக்கில்லாம புதுப்பேட்டையில ரெடி பண்ணது வாங்கிப் போட்டோம், 16,500. நடு ரோட்டுல நின்னு கட்டி இழுத்துட்டு வந்தது மூணு தரம், தரத்துக்கு 2,500. கூட்டிப் பாத்தா 60,300. தமிழ்நாடு அரசு 2025-26 பருவத்துக்கு சன்ன ரக நெல்லுக்கு அறிவிச்ச விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். கொள்முதல் நிலையத்துல போடற 40 கிலோ சிப்பம் கணக்குல, ஏறக்குறைய 60 சிப்பம். எங்க மண்ணுல ஒரு ஏக்கர் நெல்லு முழுசா. உழவு கூலி, நடவு கூலி, உரம் எதையும் கழிக்காம.

இழுத்துட்டு வந்த மூணுல ஒண்ணு ராத்திரி 2 மணி. நெமிலிச்சேரி கிட்ட நின்னுடுச்சு. பின் சீட்டுல அம்மா. ஹெட்லைட் செத்து, ஹாரன் செத்து, கண்ணாடிய இறக்கவும் முடியல. கதவத் திறந்து வெச்சுக்கிட்டு சிடிஎச் ரோட்டுல கைய ஆட்டிக்கிட்டு நின்னேன். லோடு ஏத்திட்டு வந்த ஒரு தம்பி நிறுத்தி ஏத்திக்கிட்டாரு. அம்மா இப்ப நல்லா இருக்காங்க. அத விடுங்க.

பழசுன்னா அப்படித்தான் இருக்கும்னு நானும் நெனச்சேன். டயர் தேயும், கிளட்ச் தேயும், புஷ் போகும். அதுக்குத்தான விலை குறைவு, அத நான் குறை சொல்லல. ஆனா இந்த வண்டியில தேயற சாமான் எதுவும் போகல. கரண்டு சம்பந்தப்பட்டதும் பேரிங்கும்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு போச்சு. ஒரு நாள் மெக்கானிக் டிரைவர் சீட்டக் கழட்டி, அடியில கார்ப்பெட்டத் தூக்கிக் காட்டினாரு. நைசான சாம்பல் வண்டல், காஞ்சு பொருக்கு தட்டிக் கிடந்தது. சீட்டுத் தண்டவாளம் துரு. சீட்பெல்ட்ட முழுசா வெளிய இழுத்தா, உள்ள சுத்தியிருந்த பாகத்துல ஒரு கோடு. ஏரிக்கரை மதகுல தண்ணி நின்ன அளவுக்கு ஒரு கோடு விழுமே, அதே கோடு.

கம்பெனி சர்வீஸ் சென்டர்ல போய் வண்டி நம்பரக் கொடுத்துப் பழைய ரெக்கார்டு கேட்டேன். 2023 டிசம்பர்ல ஒரு என்ட்ரி: தண்ணியில மூழ்கினது, எஸ்டிமேட் 3 லட்சத்துக்கு மேல, கஸ்டமர் வேலைக்கு ஒப்புக்கல. மிக்ஜாம் புயல் மழை. ஆர்.சி.யில முதல் ஓனர் முகவரி தென்சென்னை அடுக்குமாடி. படிச்ச உடனே விளங்கிடுச்சு.

தண்ணியில முங்கின காரு செத்துப் போறதில்ல, அதான் கொடுமை. செத்தா தொலைஞ்சது. கழுவிக் காயவெச்சு, சீட்டு கவர் மாத்தி, வாசனை அடிச்சா நல்லாவே ஓடும். ஒயருக்கும் ஒயருக்கும் சேர்ற பின்னுக்குள்ள போன தண்ணி உள்ளயே இருந்து பச்சை பூத்து அரிக்கும். வண்டல் பேரிங் கிரீஸோட கலந்து மாவாட்டும். ஆறு மாசம், எட்டு மாசம் கழிச்சுத்தான் ஒவ்வொண்ணா கழட்டிக்கும். அதனால ஒண்ண மாத்தினா சரியாப் போச்சுன்னு நம்பறோம், அடுத்தது போகுது. ஒவ்வொரு தரமும் 'இதோட முடிஞ்சுதுண்ணே'ன்னு மெக்கானிக் சொல்லுவாரு. அவரும் பொய் சொல்லல, அவருக்கும் தெரியாது. இவ்வளவு போட்டாச்சே, இப்ப விட்டா போட்டதெல்லாம் போச்சேன்னு நானும் போட்டுக்கிட்டே இருந்தேன். காயற பயிருக்குக் கடைசி வரைக்கும் தண்ணி எறைக்கற புத்தி.

யார்டுல நான் கேக்காம இல்ல. "வெள்ளத்துல நின்னதாப்பா?"ன்னு நேராவே கேட்டேன். "ஐயோ சார், மாடி பார்க்கிங்ல நின்ன வண்டி"ன்னான் அந்தப் பையன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் 3 மாசம் வாரண்டி, எலக்ட்ரிக்கல் சேராதுன்னு சொன்னான். அன்னிக்கு அது சாதாரணமாப் பட்டது. இப்பதான் உறைக்குது, எது போகும்னு தெரிஞ்சவன் எழுதின வாரண்டி அது. கடைசியில 'ஓட்டிப் பாத்து, திருப்திப்பட்டு, உள்ளது உள்ளபடியே வாங்கிக்கறேன்'னு ஒரு தாள்ல கையெழுத்து. இப்ப போய்க் கேட்டா அந்தத் தாளத்தான் எடுத்து நீட்டறாங்க.

"நீங்கதான் பாத்து வாங்கியிருக்கணும்"னு சொல்றீங்க பாருங்க, அதுக்கு வர்றேன். எங்கப்பாவோட வேலூர் பக்கம் பொய்கைச் சந்தைக்குப் போயிருக்கேன், செவ்வாக்கிழமை கூடும். மாட்டுப் பல்லப் பிடிச்சுப் பாப்பாங்க, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேந்துடுச்சான்னு. சுழி பாப்பாங்க. நடக்க விட்டுக் குளம்பு பாப்பாங்க. கறவை மாடுன்னா கறந்து காட்டணும். துண்டுக்கு அடியில விரலப் பிடிச்சுதான் விலை. அங்க ஏமாத்து இல்லையான்னா, இருந்தது. ரெண்டு வேளை கறக்காம மடிய வீங்க விட்டுக் கொண்டு வருவான். கொம்பச் சீவி எண்ணெய் தடவி வயச மறைப்பான். ஆனா மாட்டு உடம்பு எல்லாத்தையும் வெளியில காட்டும், பாக்கத் தெரிஞ்சவனுக்கு. அதோட, அந்தத் தரகர் அடுத்த செவ்வாயும் அதே மரத்தடிக்குத்தான் வரணும். உதைக்கற மாட்டத் தள்ளிவிட்டான்னு பேரு வந்தா அவன் துண்டுக்குள்ள எவனும் கைய விட மாட்டான். காருல பல்லு எங்க இருக்கு? கார்ப்பெட்டுக்கு அடியில. அதக் கழட்ட எந்த யார்டுக்காரன் விடறான்? பேரு கெட்டா போர்டுல வேற பேரு எழுதிக்கறான்.

என் பொண்ணு காலேஜ்ல பொருளாதாரம் படிக்கறா. இந்தக் கூத்தப் பத்தி ஜார்ஜ் ஆகர்லாஃப்னு ஒரு அமெரிக்கர் 1970லயே கட்டுரை எழுதியிருக்காருப்பா, 2001ல நோபல் பரிசு கொடுத்தாங்கன்னா. பழைய கார் சந்தையத்தான் உதாரணமா எடுத்தாராம். வித்தவனுக்கு வண்டியோட கோளாறு தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லா வண்டிக்கும் பயந்து கம்மி விலைதான் கேப்பான். நல்ல வண்டி வெச்சிருக்கறவன் அந்த விலைக்குக் கொடுக்காம ஒதுங்கிடுவான், சந்தையில சொத்தைதான் மிஞ்சும். நான் 60,300 கட்டிப் படிச்ச பாடத்த அவ அஞ்சு நிமிஷத்துல சொல்லிட்டா.

மத்த ஊருல இதுக்கு வழி செஞ்சிருக்காங்க. அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல, வெள்ளத்துல போய் இன்ஷூரன்ஸ் முழு நஷ்டம்னு எழுதின வண்டிக்கு அதோட உரிமைப் பத்திரத்துலயே முத்திரை விழுந்துடும். பிரிட்டன்ல 2015ல வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலர்கிட்ட வாங்கின வண்டி, பழைய வண்டியா இருந்தாலும், கோளாறுன்னா 30 நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துட்டுப் பணத்த வாங்கலாம். இங்க என்ன இருக்கு? 2022 டிசம்பர்ல மோட்டார் வாகன விதியத் திருத்தி, 2023 ஏப்ரல் 1லருந்து பழைய வண்டி டீலருக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் வேணும்னாங்க. நல்லதுதான். ஆனா அந்த விதியோட கவலை வண்டி யார் பொறுப்புல இருக்குன்னுதான். வண்டி எப்படிப்பட்டதுங்கறது இல்ல. 2024 டிசம்பர்ல ஜெய்சல்மர்ல கூடின ஜிஎஸ்டி கவுன்சில், பழைய வண்டி வியாபாரி லாபத்துக்கு வரிய எல்லா வண்டிக்கும் 18 சதவீதமா ஆக்குச்சு. லாபத்துல பங்கு எடுக்கத் தெரியுது.

நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட வெள்ளத்துக்குப் பணம் வாங்கின வண்டின்னா, அது பரிவாகன்ல வண்டி நம்பரப் போட்டாலே தெரியணும். இப்ப அதுல எத்தனாவது ஓனர், லோன் இருக்கா, இன்ஷூரன்ஸ் இருக்கான்னு பாக்கலாம், முங்கினதப் பாக்க முடியல. டீலர் தனக்குத் தெரிஞ்சத எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். மறைச்சிருந்தா ஒரு மாசத்துக்குள்ள திருப்பி எடுத்துக்கணும். அவ்வளவுதான்.

அது வர்ற வரைக்கும் ஒரு வழி சொல்றேன், பழைய வண்டி வாங்கறவங்க வெச்சிக்கோங்க. வித்தவரோட பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளக் கேளுங்க, குறிப்பா 2024ல புதுப்பிச்சது. அதுல 'நோ கிளைம் போனஸ்'னு ஒரு கட்டம் இருக்கும். கிளைம் பண்ணாத ஒரு வருஷத்துக்கு 20 சதவீதத்துல ஆரம்பிச்சு 50 வரைக்கும் ஏறும். கிளைம் பண்ணா சைபர். எட்டு வருஷ வண்டிக்கு அங்க சைபர் இருந்தா, ஏன்னு கேளுங்க. நான் வாங்கும்போது சைபர்தான் இருந்தது. அது என்ன கட்டம்னே எனக்குத் தெரியல.

முதல் ஓனர் பிரீமியம் கட்டினாரு, நஷ்டத்துக்குப் பணம் வாங்கினாரு, தப்பில்ல. இன்ஷூரன்ஸ்காரங்க காயலான் விலைக்கு ஏலம் விட்டாங்க. ஏலம் எடுத்தவன் கழுவி வித்தான். யார்டு எனக்கு வித்தது. எல்லாரும் தலையில இருந்தத அடுத்த தலைக்கு மாத்தினாங்க. பட்டணத்துல பேஸ்மென்ட்ல நின்ன தண்ணி இப்படிச் சுத்தி வளைச்சு என் களத்துமேட்டுக்கு வந்து நிக்குது. இனி இது எங்க போகும்? என்னவிடக் கொஞ்சம் கீழ இருக்கறவன் வீட்டுக்குத்தான். 'தலையில கட்டு'ன்னு சொல்றவங்க அந்தத் தலை யாருதுன்னு ஒரு தரம் கூட யோசிக்கறதில்ல.

எனக்கு அது யாருன்னு தெரியும். பக்கத்து ஊருல பூ கட்டி ஆவடிக்குக் கொண்டு போய் விக்கற ஒரு தம்பி. விடியக்காலையில பூக்கூடையோட ரயில்ல ஏற முடியல, கைக்குழந்தை வேற. "அண்ணே, வண்டி கொடுக்கறதா கேள்விப்பட்டேன்"னு வந்தான். புரோக்கர் 1,40,000 வாங்கித் தர்றேன், நீ வாயத் திறக்காம இருந்தா போதும்னான். திறந்தா 80,000 கூடத் தேறாதாம். என் சம்சாரம் ராத்திரி சாப்பாடு போடும்போது கேட்டா: "நம்மள யாரு பாவம் பாத்தாங்க?" பதில் சொல்லத் தெரியல. நகைக் கடன் வட்டி ஏறிக்கிட்டுதான் இருக்கு. அவ கேட்டதுல என்ன தப்பு?

திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்துல யார்டு மேல புகார் கொடுக்கப் போறேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள கொடுக்கணும். எனக்கு 2026 ஆகஸ்ட் வரைக்கும் நேரம் இருக்கு. மறைச்சாங்கன்னு நான்தான் நிரூபிக்கணும், அந்தத் தாள்ல என் கையெழுத்தும் இருக்கு. பாக்கலாம்.

பூக்காரத் தம்பி ஞாயித்துக்கிழமை வந்தான். பில்லு எல்லாத்தையும் தேதி வாரியா குத்தி வெச்ச ஃபைல அவன் கையில கொடுத்தேன். சர்வீஸ் சென்டர் ரெக்கார்டு மேலயே இருந்தது. திண்ணையில உக்காந்து ஒவ்வொண்ணா திருப்பிப் பாத்தான். சீட்பெல்ட்ட இழுத்து அந்தக் கோட்டையும் காட்டினேன். விரலால தடவிப் பாத்துட்டு, "எவ்வளவுண்ணே கொடுப்பீங்க?"ன்னான். 75,000, அதுவும் உன் மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுன்னேன். வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு போனான். இன்னிக்கு வியாழன். இன்னும் வரல. காரு வேப்ப மரத்தடியில நிக்குது, காலையில ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன், ஒரே செல்ஃபுல எடுத்துக்குச்சு.